முகம் காட்டாமல் நடிக்கும் நடிகர்கள்

மரக்காணம் உப்பளங்களில் தை, மாசியில் வேலை தொடங்கும். வெயில் காய்ந்தால் உப்பு விளையும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வேலை இல்லை. பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். வாரிக் குவித்த உப்பு, ஓலைக்கும் தார்ப்பாய்க்கும் அடியில் கிடக்கும்.

அந்த மாதங்களில் உப்பளத் தொழிலாளர் வீடுகளில் ஒன்றுக்குத்தான் ஓய்வு கிடையாது. அது டெலிவிஷன் பெட்டி!

பெரியவர்களுக்கு அளத்தில் வேலை இல்லை. பிள்ளைகளுக்கு மழை லீவு. எல்லோரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள்.

பெட்டியில் ஒரு காட்டுப் பன்றி வருகிறது. கீரியைப் போன்ற ஒரு சிறு பிராணி அதற்குத் துணை. இரண்டும் தமிழ் பேசுகின்றன. ஒன்றை ஒன்று கேலி செய்கின்றன. பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள்.

அந்தப் பன்றிக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர். கீரிக்குக் குரல் கொடுத்தவர் சிங்கம்புலி. படத்தின் பெயர் "தி லயன் கிங்". 2019-ல் தமிழ் பேசி வந்தது.

ரோபோ சங்கர் இன்று உயிருடன் இல்லை. 2025 செப்டம்பர் 18-ந் தேதி காலமானார். வயது 46தான். ஆனால் பன்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்கும் சின்னப் பிள்ளைகளில் பலருக்கு ரோபோ சங்கரின் முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

முகத்தை வைத்துப் பிழைப்பவர்கள் நடிகர்கள். அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு பேச ஏன் வந்தார்கள்? வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

கூத்து மேடையில் பழைய வழக்கம்

மரக்காணம், திண்டிவனம் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. இது தெருக்கூத்துச் சீமை.

கூத்தில் ராஜ வேஷம் கட்டுவது லேசான காரியமா? தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம். இவ்வளவையும் சுமந்துகொண்டு, இரவு தொடங்கி விடியும் வரை ஆட வேண்டும், பாட வேண்டும். சுழன்று சுழன்று அடவு போட வேண்டும். வயது ஏறினால் முழங்கால் கேட்காது.

அப்போது அவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட மாட்டார். பின்னால் நகர்ந்து, பின்பாட்டுக்கு வந்துவிடுவார். முன்னால் ஓர் இளைஞன் துரியோதனனாக ஆடுவான். பின்னாலிருந்து பெரியவர் குரல் கொடுப்பார். கால் ஓய்ந்தாலும் தொண்டை ஓயாது!

சினிமா நடிகர்களுக்கும் இப்படி ஒரு பின்பாட்டுக் கிடைத்திருக்கிறது. அதுதான் கார்ட்டூன் படம்.

செந்நிறத் தலையர்

இந்தக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

ஸ்டெர்லிங் ஹாலோவே என்று ஒரு நடிகர். 1905-ல் பிறந்தவர். பரட்டையான செம்பட்டை முடி; கீச்சென்று, கொஞ்சம் கரகரத்த குரல். இந்த லட்சணத்துக்கு யார் கதாநாயகன் வேஷம் கொடுப்பார்கள்? கடைப் பையன், தபால்காரன், எடுபிடி என்று சில்லறை வேஷங்களாகவே வந்தன.

1941-ல் வால்ட் டிஸ்னி "டம்போ" படம் எடுத்தார். அதில் குட்டி யானையைக் கொண்டுவந்து தரும் நாரை ஒன்று உண்டு. அதற்கு ஹாலோவேயைப் பேச வைத்தார். அவ்வளவுதான், அவருடைய தலையெழுத்தே மாறிவிட்டது.

1951-ல் "ஆலிஸ்" படத்தில் சிரிக்கும் பூனை. 1966-ல் "வின்னி தி பூ" கரடி. 1967-ல் "ஜங்கிள் புக்" படத்தில் "கா" என்ற மலைப்பாம்பு. எல்லாம் அவரே. எந்தக் குரலைக் குறை என்று ஒதுக்கினார்களோ, அந்தக் குரலுக்காகவே அவரைத் தேடி வந்தார்கள். அந்தக் கரடியின் குரல் என்றால் பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் அவர் குரல்தான்.

திக்குவாய்ச் சிறுவன் சிங்க ராஜாவானான்

இன்னொருவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். சிறு வயதில் அவருக்குத் திக்குவாய். பிறர் சிரிப்பார்கள் என்று பயந்து, ஏறக்குறைய 8 வருஷம் பேசுவதையே விட்டுவிட்டார். பிறகு ஓர் ஆசிரியர் அவரைக் கவிதை படிக்க வைத்துப் பேச வைத்தார்.

அந்தப் பையன் வளர்ந்து நாடக நடிகரானார், சினிமா நடிகரானார். 1994-ல் வந்த "லயன் கிங்" படத்தில் சிங்க ராஜா முபாசாவுக்கு அவர்தான் குரல். 2019-ல் மறுபடி எடுத்தபோதும் அதே சிங்கம், அதே குரல். நடுவில் 25 வருஷம் ஓடிவிட்டது. ஜோன்சுக்கு 88 வயது. சிங்கத்துக்கு மட்டும் வயது ஏறவில்லை. 2024 செப்டம்பரில் அவர் காலமானார்.

பிள்ளைக்குப் பேச்சு திக்குகிறதே என்று கவலைப்படும் தாய்மார்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மயக்கத்தில் பேசிய முயல்

மெல் பிளாங்க் கதை இன்னும் விந்தையானது. இவர் முதலில் ரேடியோ நடிகர். பிறகு "பக்ஸ் பன்னி" என்ற முயலுக்கும், வேறு பல கார்ட்டூன் பிராணிகளுக்கும் குரல் கொடுத்தார். இவரை "ஆயிரம் குரல் மனிதர்" என்பார்கள்.

1961 ஜனவரி 24-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இவருடைய கார் இன்னொரு காருடன் மோதியது. எலும்புகள் நொறுங்கின. நினைவு போய்விட்டது. மனைவி கூப்பிட்டார், மகன் கூப்பிட்டார். பதில் இல்லை. இப்படிச் சுமார் 2 வாரம்.

ஒரு நாள் டாக்டர் ஒருவருக்கு ஒரு யோசனை தோன்றியது. "பக்ஸ் பன்னி, இன்று எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். படுக்கையில் கிடந்தவர் முனகினார். முயலின் குரலில் பதில் வந்தது! மனிதர் பதில் சொல்லவில்லை. முயல் பதில் சொல்லிற்று.

உடம்பெல்லாம் மாவுக்கட்டு. எழுந்து உட்கார முடியாது. ஆனாலும் மைக்கைக் கட்டிலுக்கே கொண்டுவந்து, "பிளின்ட்ஸ்டோன்ஸ்" கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தார்.

மார்க் ஹாமில் என்பவருக்கு வேறு விதமான கஷ்டம். 1977-ல் "ஸ்டார் வார்ஸ்" படத்தில் கதாநாயகனாக நடித்து உலகப் புகழ் பெற்றார். அந்தப் புகழே கால்கட்டாகிவிட்டது. எங்கே போனாலும் அந்தப் பழைய கதாநாயகனாகவே பார்த்தார்கள். "அமேடியஸ்" நாடகத்தில் மேடையில் மோசார்ட்டாக நடித்தார். அதையே சினிமாவாக எடுத்தபோது வேஷம் வேறொருவருக்குப் போய்விட்டது. 1992-ல் "பேட்மேன்" கார்ட்டூனில் ஜோக்கர் என்ற வில்லனுக்குக் குரல் கொடுத்தார். பேய்ச் சிரிப்பு சிரித்தார். யோக்கியமான கதாநாயகன் முகம் திரையில் தெரியாததால் ஜனங்கள் அவரை வில்லனாக ஏற்றுக்கொண்டார்கள்!

ராமருக்கு நேர்ந்தது

நம் நாட்டிலும் இதே கதை உண்டு. 1987-ல் டெலிவிஷனில் "ராமாயணம்" வந்தது. ராமராக நடித்தவர் அருண் கோவில். அவரைக் கண்டால் காலில் விழுந்தார்கள். இப்படிப்பட்டவருக்குச் சாதாரண வேஷம் கொடுக்க யார் துணிவார்கள்? வேஷங்கள் குறைந்தன.

பிறகு இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து ராமாயணத்தைக் கார்ட்டூன் படமாக எடுத்தன. 1993-ல் அது திரையிடப்பட்டது. அதன் ஹிந்திப் பதிப்பில் ராமருக்குக் குரல் அருண் கோவில். ராவணனுக்குக் குரல் அம்ரிஷ் புரி. அந்தப் படம் புதிய குரல்களுடன், தமிழிலும் பேசி, 2025 ஜனவரியில் தியேட்டர்களுக்கு வந்தது.

பம்பாயில் ஜாவேத் ஜாப்ரி என்ற நடிகரும் உண்டு. 1985-ல் வில்லனாக, ஆட்டக்காரராகப் பட உலகுக்கு வந்தவர். மிக்கி எலி ஹிந்தி பேசியபோது அதற்குக் குரல் இவருடையது.

சேதுவுக்கு முன்னால்

தமிழ்ப் பட உலகத்துக்குக் குரல் கொடுப்பது பழக்கமான தொழில். 1944-லேயே ஏவி.மெய்யப்பன், "அரிச்சந்திரா" என்ற கன்னடப் படத்தைத் தமிழில் பேச வைத்துவிட்டார்.

நடிகர் விக்ரமை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் நடிக்க வந்தார். படங்கள் ஓடவில்லை. "சேது" வந்தது 1999-ல். நடுவே கிட்டத்தட்ட 10 வருஷம்! அந்த நாட்களில் அவருக்குக் கைகொடுத்தது குரல்தான். "அமராவதி" படத்தில் அஜீத் பேசுவது விக்ரமின் குரல். "காதலன்" படத்தில் பிரபுதேவா பேசுவதும் அவர் குரலே.

"பம்பாய்" படத்தில் மனிஷா கொய்ராலா தமிழ் பேசுகிறாரே, அது நடிகை ரோகிணியின் குரல். "மின்சார கனவு" படத்தில் கஜோலுக்குப் பேசியவர் நடிகை ரேவதி.

கார்ட்டூன் வந்ததும் இந்தத் தொழிலுக்கு இன்னொரு கதவு திறந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. தொடங்கியது. நாள் முழுவதும் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. டோரா என்ற சிறுமியும் குரங்கும் தமிழ் பேசின. பேசுவதற்கு ஆள் வேண்டாமா?

சினிமாவுக்கு வந்த கார்ட்டூன்களில் பிரபல நடிகர்களே பேசினார்கள். 2019-ல் வந்த "லயன் கிங்" படத்தில் இருவாச்சிப் பறவைக்குக் குரல் மனோபாலா. 1982-ல் "ஆகாய கங்கை" படத்தை டைரக்ட் செய்தவர் இவர். டைரக்டராக இருந்து, நகைச்சுவை நடிகராகி, கடைசியில் பறவையாகவும் பேசிவிட்டு, 2023 மே மாதம் காலமானார். சிங்கம்புலியும் அஜீத் நடித்த "ரெட்" படத்தின் டைரக்டர்தான். அதே ஆண்டு "ப்ரோசன் 2" படத்தில் பனி ராணிக்கு சுருதிஹாசன் பேசினார்.

எல்லாவற்றையும்விட ருசியானது அரவிந்த்சாமி விஷயம். 1994-ம் ஆண்டு "லயன் கிங்" தமிழில் பேசியபோது, இளவரசன் சிம்பாவுக்குக் குரல் அவர்தான். அப்போது அவர் "ரோஜா" நாயகன். பிறகு பட உலகை விட்டு வியாபாரத்துக்குப் போனார். 2013-ல் திரும்பி வந்தார். 2015-ல் "தனி ஒருவன்" படத்தில் வில்லனாக வெற்றி பெற்றார். 2019-ல் மறுபடியும் "லயன் கிங்". இந்தத் தடவை சிம்பாவுக்கு சித்தார்த் பேசினார். அரவிந்த்சாமி பேசியது, சிம்பாவைக் கொல்லப் பார்க்கும் சித்தப்பன் ஸ்கார் சிங்கத்துக்கு!

மருமகள் மாமியாராவது போலத்தான்!

இருட்டறையில் என்ன நடக்கிறது?

மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் போனால் சென்னை. வடபழனி, சாலிகிராமம் தெருக்களில் டப்பிங் தியேட்டர்கள் இருக்கின்றன. தியேட்டர் என்றால் பெரிய கொட்டகை அல்ல. சத்தம் புகாத சிறு அறை. ஒரு மைக், ஒரு திரை, காதில் மாட்டும் கருவி. அவ்வளவே.

உடன்நடிகர் எதிரே இல்லை. வேஷம் இல்லை. மேக்கப் இல்லை. கைவளை குலுங்கக்கூடாது, மொடமொடப்பான புடவை சரசரக்கக்கூடாது. மைக் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

கையைக் கட்டிக்கொண்டு பேசிவிட முடியுமா? முடியாது. பன்றி ஓடினால், பேசுகிறவர் நின்ற இடத்தில் மூச்சு வாங்க வேண்டும். பன்றி தின்றால், வாயை நிரப்பிக்கொண்டதுபோல் பேச வேண்டும். விழுந்தால் "ஐயோ" என்ற சத்தம் வயிற்றிலிருந்து வர வேண்டும். முகம், கை, தோள் எல்லாம் நடிக்கும். திரைக்குப் போவது குரல் மட்டுமே.

அமெரிக்காவில் கார்ட்டூன் எடுக்கும்போது முதலில் குரலைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி ஓவியர்கள் வாயசைவை வரைகிறார்கள். தமிழில் பேசும்போது எல்லாம் தலைகீழ். படம் தயாராக வந்துவிடும். அதன் வாய்க்கு நம் பேச்சைப் பொருத்த வேண்டும்.

"ப", "ம" என்று சொல்லிப் பாருங்கள். உதடு ஒட்டும். "க", "த" என்று சொல்லும்போது ஒட்டாது. திரையில் சிங்கத்தின் வாய் மூடுகிற இடத்தில், உதடு ஒட்டும் தமிழ்ச் சொல் விழ வேண்டும். வசனம் எழுதுகிறவர் அதற்காகச் சொல்லைத் தேடித் தேடி வைக்கிறார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். "நீ அந்த மலைக்கு அந்தப் பக்கம் போகாதே" என்போம். ஆங்கிலத்தில் "போகாதே" என்பது முதலில் வந்துவிடும். திரையில் சிங்கம் ஆரம்பத்திலேயே கண்ணை உருட்டிவிடும். தமிழ்ப் பேச்சில் அதட்டல் கடைசியில்தான் வரும்! எனவே, "போகாதே! அந்த மலைப் பக்கம் போகவே போகாதே!" என்று வாக்கியத்தைப் புரட்டிப் போடுகிறார்கள். கேட்கிற பிள்ளைக்கு இந்தத் தச்சு வேலை எதுவும் தெரிவதில்லை. தெரியக்கூடாது.

பெயர் யாருக்கு, பிழைப்பு யாருக்கு?

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிரபல நட்சத்திரம் கார்ட்டூனுக்குக் குரல் கொடுத்தால் பத்திரிகையில் படம் வரும். ஆனால் அது அவருக்கு ஓரிரு நாள் வேலை. தினந்தோறும் டெலிவிஷன் கார்ட்டூன்களுக்குப் பேசிக் குடும்பம் நடத்துகிறவர்கள் வேறு. நாடக மேடையிலும் சீரியலிலும் துண்டு வேஷம் போட்டவர்கள் அவர்களில் உண்டு. அவர்களுடைய பெயர் பெரும்பாலும் திரையில் வருவதில்லை. பத்து வருஷமாக ஒரு பொம்மைக்குப் பேசியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது.

நட்சத்திரத்தின் பெயர் மட்டும் போதாது என்பதையும் ஜனங்கள் காட்டியிருக்கிறார்கள். கார்ட்டூன் அல்லாத ஒரு படம் உதாரணம். 2019-ல் "அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்" தமிழில் வந்தபோது, இரும்பு மனிதனுக்கு விஜய் சேதுபதியைப் பேச வைத்தார்கள். விஜய் சேதுபதி நல்ல நடிகர்தான். ஆனால் ரசிகர்கள், "முன்பு பேசிய குரல்தான் வேண்டும்" என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். பெயர் தெரியாத ஒரு குரலுக்கு இத்தனை ரசிகர்கள்!

பாணனுக்குப் பாணன் காட்டிய வழி

சங்க காலத்துச் "சிறுபாணாற்றுப்படை"யில் எயிற்பட்டினம் என்று ஓர் ஊர் வருகிறது. அதுதான் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைச் சந்திக்கிறான். "நானும் உன்னைப்போல் இருந்தவன்தான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் போ" என்று வழி சொல்கிறான். வழியில் வருகிற ஊர்களில் ஒன்று இந்தக் கடற்கரைப் பட்டினம்.

டப்பிங் தொழிலுக்கு ஆள் வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் ஒருவர், வேலை இல்லாத இன்னொருவரை அழைத்துப் போகிறார்.

ஆனால் இப்போது அந்த வாசலில் ஒரு புதுப் போட்டி நிற்கிறது. மனிதக் குரலை அப்படியே பேசும் கம்ப்யூட்டர்! 2022-ல் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் தம் பழைய குரலைக் கம்ப்யூட்டர் மூலம் பயன்படுத்தச் சம்மதம் கொடுத்தார். அவரைக் கேட்டுச் செய்தார்கள். கேட்காமலே செய்தால்? அமெரிக்க நடிகர்கள் 2023-ல் 118 நாள் வேலை நிறுத்தம் செய்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். நடிகரின் சம்மதம் இல்லாமல், கூலி கொடுக்காமல், அவர் சாயலைக் கம்ப்யூட்டரில் செய்யக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள்.

பெயரும் போடாமல் பேசுகிற ஒரு தமிழ்க் கலைஞரின் குரலை எடுத்துக்கொண்டால், "இது என் குரல்" என்று அவர் எதை வைத்து வாதாடுவார்? பெயர் போடுவது வெறும் கௌரவம் அல்ல.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசைப்படுகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். சென்னையில் நடிகர்களுக்கும் டப்பிங் கலைஞர்களுக்கும் யூனியன் இருக்கிறது. அதில் உறுப்பினராக வேண்டும். குரல் பரீட்சை வைப்பார்கள். தமிழை எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிய வேண்டும். "ல", "ள", "ழ" மூன்றும் மூன்றாகவே ஒலிக்க வேண்டும். அதில் தேறினாலும் எடுத்த எடுப்பில் சிங்கம் கிடைக்காது. சந்தைக் கூட்டம், கல்யாணக் கூட்டம், போர்க்களம் என்று வரும் காட்சிகளில் நாலைந்து பேரை மைக்கைச் சுற்றி நிறுத்துவார்கள். திரையில் கூட்டம் ஓடும். அதைப் பார்த்து, எல்லோரும் சேர்ந்து "ஹோ" என்று கத்த வேண்டும். முதல் நாள் வேலை அவ்வளவுதான்.